எலிக்கு ஒன்று வாங்கினார்கள், இப்போது ஏழு

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மதுரை திருநகர் பக்கம் கீழும் மேலுமாக இரண்டு குடித்தனம் உள்ள வீடு. மூன்று வருடத்துக்கு முன்னால் அரிசி மூட்டையை எலி கடிக்கிறது என்று, சோழவந்தானில் இருக்கும் மாமியார் வழிச் சொந்தத்தில் ஒரு பூனைக்குட்டி கேட்டு வாங்கியிருக்கிறார்கள். மூன்று நிறம் கலந்த அழகான பொட்டைக் குட்டி. இன்றைக்கு வீட்டில் ஏழு: அந்தத் தாய், அதன் மகள்கள் இரண்டு, எங்கிருந்தோ வந்து சாப்பிட்டுப் பழகிய செவலைக் கடுவன் ஒன்று, கேட்டுக்கு வெளியே யாரோ அட்டைப்பெட்டியில் வைத்துவிட்டுப் போன குட்டிகள் இரண்டு, மாடியில் குடியிருந்தவர்கள் ஓசூருக்கு மாற்றலாகும்போது விட்டுச் சென்ற பெர்சியன் ஜாதிப் பூனை ஒன்று. எதற்கும் கருத்தடை ஆபரேஷன் ஆகவில்லை. "நாங்க ஒண்ணைத்தான் சார் கேட்டு வாங்கினோம். மிச்ச ஆறும் எப்படி வந்துச்சுன்னே தெரியல. இது எங்க போய் நிக்கும்? மாமனார் சாக்குல போட்டு கரிமேடு மார்க்கெட்டுல விட்டுட்டு வந்துரலாங்கறாரு" என்று கேட்கிறார் அந்த வீட்டு மருமகள்.

நான் கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். உத்தியோகம் முழுக்க மாடும் ஆடும்தான். ஆனால் மாட்டுக்குச் சினை ஊசி போடப் போன வீடுகளில், கிளம்பும் நேரம் பார்த்து "சார், அப்படியே இந்தப் பூனையையும் ஒரு பார்வை..." என்று ஒரு குரல் வரும். அந்தப் பழக்கத்தில்தான் எழுதுகிறேன்.

உங்கள் பட்டியலைப் பார்த்தாலே வந்த வழி தெரிகிறது. இரண்டு வீட்டிலேயே பிறந்தவை. ஒன்று வாசம் பிடித்து வந்தது. மூன்றை மனிதர்கள் கொண்டுவந்து தள்ளியிருக்கிறார்கள். பூனை பெருகிய எந்த வீட்டை எடுத்துக்கொண்டாலும் எண்ணிக்கை முன்பின் இருக்குமே தவிர வழிகள் இவைதான். இதில் முதல் வழியை அடைக்காமல் மற்ற இரண்டையும் அடைத்துப் பிரயோஜனம் இல்லை. ஏனென்றால் கடுவன் வந்ததும் அதனால்தான், அட்டைப்பெட்டி வந்ததும் பாதி அதனால்தான்.

முதல் குட்டியிலிருந்தே ஆரம்பிப்போம். மூன்று நிறம் என்று எழுதியிருக்கிறீர்கள். வெள்ளையில் கறுப்பும் செவலையும் திட்டுத்திட்டாக இருக்கும் அந்தக் குட்டியைத்தான் வீட்டுக்கு வந்த எல்லோரும் முதலில் கையில் எடுப்பார்கள். செவலை நிறத்தைத் தரும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. கடுவனுக்கு எக்ஸ் ஒன்று, பொட்டைக்கு இரண்டு. ஒரே உடம்பில் செவலையும் கறுப்பும் சேர்ந்து வர வேண்டுமென்றால் எக்ஸ் இரண்டு வேண்டும். ஆகவே மூவண்ணப் பூனை என்றாலே அநேகமாகப் பொட்டைதான். ஒரு எக்ஸ் கூடுதலாகப் பிறக்கும் கடுவன் எப்போதாவது ஒன்று வரும், அவ்வளவே. முழுச் செவலையோ நேர்மாறு, ஐந்தில் நான்கு கடுவனாக இருக்கும். நீங்கள் அழகு பார்த்து எடுத்தீர்கள், கூடவே கர்ப்பப்பையையும் எடுத்துவந்துவிட்டீர்கள். சோழவந்தான்காரர்களுக்கு அது தெரிந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஒரு ஈத்தில் நான்கு குட்டி கிடந்தால் பொட்டைக் குட்டிகளுக்குத்தான் முதலில் ஆள் தேடுவார்கள்.

நிறத்தை வைத்துச் சொல்ல முடியாத குட்டிக்கு வாலைத் தூக்கிப் பார்க்க வேண்டியதுதான். கடுவனுக்கு ஆசனவாய்க்குக் கீழே ஒரு விரல்கடை தள்ளி அடுத்த துளை வட்டமாக இருக்கும், இடையில் சின்ன வீக்கம் தெரியும். பொட்டைக்கு இரண்டும் ஒட்டினாற்போல் இருக்கும், கீழே உள்ளது வட்டமாக இல்லாமல் சிறு கோடாகத் தெரியும். அட்டைப்பெட்டியில் வந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ஒன்று கடுவன், ஒன்று பொட்டை என்றால் பார்த்ததுமே வித்தியாசம் புரிந்துவிடும்.

இனி பெருக்கக் கணக்கு. பொட்டைப் பூனை ஐந்து, ஆறு மாதத்தில் பருவத்துக்கு வந்துவிடும். நான்கு மாதத்திலேயே வருவதும் உண்டு. வீட்டார் கண்ணுக்கு அப்போதும் அது குட்டிதான். சினைக்காலம் 63 முதல் 65 நாள். ஒரு ஈத்துக்கு மூன்று, நான்கு, ஐந்து குட்டி. தையில் பிறந்த குட்டி ஆடியில் பருவம் கண்டால் புரட்டாசியில் தாய். பால் மறக்கும் முன்பே அது அடுத்த சினை பிடிக்கலாம். மாசிக்குள் இரண்டாவது ஈத்து வந்துவிடும். அப்போது முதல் ஈத்துப் பொட்டைகள் பருவத்துக்கு வந்து நிற்கும். பாட்டியும் தாயும் ஒரே வாரத்தில் குட்டி போட்ட வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

குளிர்நாட்டுப் பூனைகளுக்கு இதில் ஒரு இடைவேளை உண்டு. பகல் சுருங்கும் மாதங்களில் அவை பருவத்துக்கு வராது, பூனையின் உடம்பு பகல் வெளிச்சத்தின் நீளத்தை வைத்துத்தான் இனவிருத்தியை முடிவு செய்கிறது. மதுரையில் ஆனி மாதத்துப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான வித்தியாசம்தான். எனவே நம் ஊரில் ஆண்டு முழுவதும் சீசன்தான்.

இன்னொன்று, மாடு ஆடு மாதிரி பூனைக்குக் கருமுட்டை தானாக இறங்காது. இணை சேர்ந்தால்தான் இறங்கும். சேராவிட்டால் பருவம் ஒரு வாரம் இருந்து அடங்கி, இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி வரும். அந்த நாட்களில் தரையில் உருளும், பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு கால்மாற்றி மிதிக்கும், ராத்திரி முழுக்க அடித்தொண்டையில் கத்தும். வயிற்றுவலி என்று நினைத்து ஓமத்தண்ணீர் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சத்தமும் சிறுநீர் வாசமும் நாலு தெரு தள்ளி இருக்கும் கடுவனுக்குப் போய்ச் சேரும். உங்கள் செவலை வந்தது அப்படித்தான், நீங்கள் வைத்த மீனுக்காக இல்லை. வந்த இடத்தில் மீனும் இருந்தது, தங்கிவிட்டது. ஒரு பருவத்தில் பல கடுவனோடு சேர்வதால் ஒரே ஈத்துக் குட்டிகளுக்கு வேறு வேறு அப்பன் இருப்பதும் சகஜம். ஒன்று கறுப்பு, ஒன்று சாம்பல் வரி, ஒன்று வெள்ளை என்று கிடந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

பிறகு குட்டி போடும் இடம். கிராமத்தில் வைக்கோல் படப்பு, குதிர் இருந்த மூலை, விறகுக் கட்டு. உங்கள் வீட்டில் பரண், பீரோ மேல், பழைய துணி மூட்டை. நம் ஊரில் பூனை ஏழு வீடு மாற்றும் என்பார்கள். ஏழு என்பது வாய்க்கணக்கு, ஆனால் மாற்றுவது நிஜம். ஆள் அடிக்கடி எட்டிப் பார்த்தாலோ, தெள்ளுப்பூச்சி பெருகினாலோ, வேறு கடுவன் வாசம் அடித்தாலோ தாய் இடத்தை மாற்றிவிடும். கழுத்துப் பிடரியைக் கவ்வித் தூக்கியதும் குட்டி உடனே சத்தத்தை நிறுத்தி, பின்னங்கால்களை மடக்கி, வாலை வயிற்றோடு சுருட்டிக்கொள்ளும். தாய் தலையை நிமிர்த்தி, மதில் விளிம்பில் குட்டி உரசாமல் நடக்கும். இதைப் பார்த்த வீட்டில் யாரும் அன்றைக்குப் பூனையை விரட்ட மாட்டார்கள். எனக்குத் தெரிந்து "இந்த ஈத்து மட்டும் இருக்கட்டும்" என்ற தீர்மானம் முக்கால்வாசி வீடுகளில் அந்த நேரத்தில்தான் நிறைவேறுகிறது.

பிறந்த குட்டி எல்லாம் தங்குவதில்லை. வெளியே பிறப்பதில் பெரும்பகுதி செத்துப்போகும்: நாய், வண்டி, மழை, வயிற்றுப்போக்கு. ஐப்பசி அடைமழையில் சன்ஷேடில் போட்ட குட்டிகள் பிழைப்பது கஷ்டம். அதனால்தான் பல வருடங்கள் கவனிக்காமலே விட்டும் சில வீடுகளில் எண்ணிக்கை இரண்டு மூன்றைத் தாண்டாது. நீங்கள் நல்லவர்கள், மீன் வைக்கிறீர்கள், கதவைத் திறந்து உள்ளே எடுக்கிறீர்கள், குட்டி பிழைக்கிறது. எண்ணிக்கை ஏறுகிறது.

பிழைத்ததில் யார் தங்குகிறார்கள் என்று பாருங்கள். கடுவன் ஒரு வயது தாண்டும்போது கிளம்பிவிடும். சண்டைக்குப் போய், முகத்தில் சீழ் வைத்து, ஒரு நாள் வரும், பத்து நாள் வராது, அப்புறம் வரவே வராது. பொட்டைகள் பிறந்த இடத்திலேயே நிற்கும். பூனைக் கூட்டம் என்பது தாய்வழிக் கூட்டம்தான். பாட்டி, அம்மா, சித்தி, மகள். அக்கா தங்கைகள் ஒரே பெட்டியில் குட்டி போட்டு, எது யாருடையது என்று பார்க்காமல் மாறிமாறிப் பால் கொடுக்கும். உங்கள் வீட்டில் தாயோடு தங்கியிருக்கும் இரண்டும் மகள்கள்தான், கவனித்தீர்களா? அவற்றோடு பிறந்த அண்ணன் தம்பிகள் எங்கே என்று கேட்டால் உங்களுக்கே ஞாபகம் இருக்காது. ஆக வீட்டில் சேர்வது எல்லாம் குட்டி போடக்கூடியவை. ஆபரேஷன் செய்யாத ஒரு பொட்டையைப் பற்றி நான் இவ்வளவு நேரம் பேசுவது இதனால்தான்.

அடுத்தது, ஊருக்கு விஷயம் தெரிவது. நான்கு பூனை வரைக்கும் அது உங்கள் வீட்டு விஷயம். அதற்கு மேல் போனால் தெருவின் விஷயம். "பூனை வீட்டுக்கு எதுத்த சந்து" என்று கேஸ் சிலிண்டர் போடுகிறவருக்கு வழி சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். அதன் பிறகு ஒரு காலையில் கேட்டுக்கு வெளியே அட்டைப்பெட்டி இருக்கும். வைத்தவர் யார் என்று தெரிந்துபோனால்கூட பதில் தயாராக இருக்கும்: "நீங்கதான் அக்கா நல்லாப் பாப்பீங்க. அஞ்சோட ஏழா இருந்துட்டுப் போகட்டுமே." இப்படிப் பேசுகிறவர்களிடம் கோபப்பட்டு ஒன்றும் ஆகாது. "பார்க்கிறேன், ஆபரேஷன் செலவில் பாதி உங்களுடையது" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். இரண்டு பேரிடம் அப்படிச் சொன்னால் மூன்றாவது பெட்டி வேறு தெருவுக்குப் போய்விடும். கடுமையான யோசனைதான், ஆனால் உங்கள் வீடு தெருவுக்கே காப்பகம் ஆக முடியாது.

ராத்திரி வெளியே தட்டு நிறையச் சோறு வைத்துவிட்டுப் படுக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். காலையும் மாலையும் ஒரே நேரத்தில் வையுங்கள், அரை மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். திறந்து கிடக்கும் தட்டு வார்டில் உள்ள பூனைக்கெல்லாம் அழைப்பு, கூடவே பெருச்சாளிக்கும்.

மாமனார் யோசனைக்கு வருகிறேன். அவர் தலைமுறையில் சாக்குப் பூனை சாதாரணம், குறை சொல்லவில்லை. ஆனால் அது பலிக்காது. கரிமேட்டில் ஏற்கெனவே பூனைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் எல்லை இருக்கிறது. மீன் வெட்டும் கட்டைக்குக் கீழே உங்கள் வீட்டுப் பூனைக்கு இடம் கிடைக்காது. அடிவாங்கி ரோட்டுக்கு ஓடி வண்டியில் மாட்டும். இல்லாவிட்டால் மெலிந்து திரும்பி வரும். மிருகவதைத் தடுப்புச் சட்டம், 1960, பிரிவு 11-இன்படி பட்டினியும் தாகமும் வரும் நிலையில் விலங்கைக் கைவிடுவது குற்றமும்கூட. இதையெல்லாம் விடுங்கள், அவருக்குப் புரியும் காரணம் ஒன்று உண்டு: ஏழையும் கொண்டுபோய் விட்டாலும் எலியும் மீன்வாசமும் மறைவிடமும் உங்கள் வீட்டில்தானே இருக்கிறது? காலியான இடத்துக்கு அடுத்த தெருப் பொட்டை ஒன்று வந்து குட்டி போடும். ஆபரேஷன் ஆன பூனைகள் இடத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் புதியது அவ்வளவு சுலபமாக நுழையாது. மாமா சொல்வதைவிட இது சிக்கனமான வழி என்று சொல்லிப் பாருங்கள்.

சரி, ஆபரேஷன். நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள் செய்துவிடுவது உத்தமம். "ஒரு தடவையாவது குட்டி போட்டாத்தான் உடம்புக்கு நல்லது" என்று நம் பக்கம் எல்லோரும் சொல்வார்கள். உண்மை தலைகீழ். ஆறு மாதத்துக்குள் ஆபரேஷன் செய்துவிட்டால் பிற்காலத்தில் மார்பில் கட்டி வரும் வாய்ப்பு பெருமளவு குறைகிறது, பூனைக்கு மார்புக் கட்டி பெரும்பாலும் புற்றுநோயாகவே இருக்கும். எலி பிடிக்காது என்பதும் கதை. வேட்டைக்கும் கர்ப்பப்பைக்கும் சம்பந்தம் இல்லை. எடை போடும் என்பது மட்டும் நிஜம், சாப்பாட்டைக் கொஞ்சம் குறைத்தால் போதும். கடுவனுக்கு ஆபரேஷன் செய்தால் சுவரில் சிறுநீர் பீய்ச்சுவது பெரும்பாலும் அடங்கும், சண்டையும் அலைச்சலும் குறையும். ஆனால் அது முடிந்த பிறகும் சில வாரங்கள் வரை சினைப்படுத்தக்கூடும், ஆகவே ஒரு மாதத்துக்கு மேல் பொட்டைகளிடமிருந்து தள்ளியே வையுங்கள்.

அரசு கால்நடை மருத்துவமனையில் முதலில் விசாரியுங்கள், தேதி கிடைக்கத் தாமதமானால் தனியாரிடம் போங்கள். தனியாரில் கட்டணம் இடத்துக்கு இடம் நிறைய மாறும், இரண்டு மூன்று இடத்தில் கேளுங்கள். ஏழு என்று சொன்னால் குறைத்துக்கொள்ளும் டாக்டர்களும் உண்டு. முந்தின ராத்திரி சாப்பாட்டை எத்தனை மணிக்கு நிறுத்துவது என்று டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள், சின்னக் குட்டிக்கும் பெரியதற்கும் அது வேறு. கொண்டுபோவதற்குக் கட்டைப்பையை நம்ப வேண்டாம்; பைபாஸ் ரோட்டு ஹாரனில் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். தலையணை உறைக்குள் விட்டு உறையின் வாயைத் தளர்வாகக் கட்டி, மூடியுள்ள பிளாஸ்டிக் கூடையில் வைத்தால் இருட்டில் அடங்கிக் கிடக்கும். பொட்டையைப் பத்து நாள் ஒரு அறையில் வைத்துத் தையலை நக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கடுவன் மறுநாளே எழுந்து நடமாடும். மயக்கத்தில் இருக்கும்போதே இடது காது நுனியைச் சிறிது வெட்டிவிடச் சொல்லுங்கள், முக்கியமாகச் செவலைக்கு. வெளியே திரியும் பூனைக்கு ஆபரேஷன் ஆகிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். இல்லாவிட்டால் வேறு யாராவது பிடித்து மறுபடியும் மேஜையில் போடுவார்கள்.

பெர்சியனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மதுரை வெயில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர். அந்தச் சடைமுடியும் சப்பை மூக்கும் இதற்கு ஏற்றவை இல்லை. தினமும் சீப்புப் போடாவிட்டால் அக்குளிலும் தொடையிடுக்கிலும் முடி திரிந்து கட்டியாகி, தோலை இழுத்துப் புண்ணாக்கும். படர்தாமரையும் இந்த ஜாதிக்கு அதிகம், அது மற்ற பூனைகளுக்கும் வீட்டுக் குழந்தைகளுக்கும் ஒட்டும். வட்டமாக முடி உதிர்ந்திருந்தால் உடனே காட்டுங்கள். கோடை வருமுன் முடியைக் கத்தரித்துவிடலாம். இன்னொரு எச்சரிக்கை: வீட்டில் பெர்சியன் இருப்பது தெரிந்தால், "எங்க பூனையோட சேத்து விடுங்க, குட்டி வித்துப் பாதிப் பணம் தர்றோம்" என்று ஆள் வரும். அந்தப் பேச்சையே எடுக்க விடாதீர்கள். விற்காமல் தேங்கும் குட்டிகள் உங்கள் வீட்டில்தான் தேங்கும்.

பூனை பெருகிய வீட்டில் நான் அதிகம் பயப்படுவது ஒரு நோய்க்கு. பூனைப் பார்வோ என்று சொல்லும் பான்லூக்கோபீனியா. நேற்று ஓடியாடிய குட்டி இன்று மூலையில் குனிந்து உட்காரும், தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே தலையைத் தொங்கப் போட்டிருக்கும் ஆனால் குடிக்காது, வாந்தி, பேதி, பல நேரம் அடுத்தடுத்த நாட்களில் சாவு. அந்தக் கிருமி வீட்டுத் தரையில் ஒரு வருடம்கூட உயிரோடு கிடக்கும். ஒரு ஈத்து செத்த இடத்திலேயே அடுத்த ஈத்தும் சாவதற்கு இதுதான் காரணம். திருஷ்டி கழித்துப் பூசணி உடைப்பவர்கள் ப்ளீச்சிங் பவுடர் கரைத்துக் கழுவினால் பலன் உண்டு. பினாயில் வேண்டவே வேண்டாம். அது இந்தக் கிருமியைச் சரியாகக் கொல்லாது, பூனையைக் கொல்லும். பினாயில் துடைத்த தரையில் நடந்து, பாதத்தை நக்கினால் போதும், ஈரல் பாதிக்கும். பூனைக்கு அந்த வகை ரசாயனத்தை முறிக்கும் சக்தி குறைவு. அதே காரணத்தால்தான் ஒரு பாராசிட்டமால் மாத்திரைகூட அதற்கு எமன். நாய்க்கு உண்ணி போக ஊற்றும் பெர்மெத்ரின் மருந்தும் அப்படியே.

தடுப்பூசி ஆறிலிருந்து எட்டு வாரத்தில் ஆரம்பித்து, மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக 16 வாரம் வரை போட வேண்டும். வெறிநோய் ஊசி மூன்று மாதத்தில். பெட்டிக் குட்டிகள் இரண்டையும் மற்றவற்றோடு கலக்கும் முன்பே இரண்டு வாரம் தனியாக வைத்திருக்க வேண்டும். இனி வரும் எதுவானாலும் அதுதான் முறை. வெளியே சுற்றும் பூனை கடித்தாலோ ரத்தம் வரக் கீறினாலோ, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டாம்.

சாப்பாடு. ஏழுக்கும் பாக்கெட் தீவனம் கட்டுப்படியாகாது என்று புரிகிறது. ஆனால் வெறும் பால்சோறும் தயிர்சோறும் பூனைக்கு ஆகாது. டாரின் என்ற சத்து அதற்கு இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும்தான் கிடைத்தாக வேண்டும், குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். மலிவான ஜிலேபி மீனை வேகவைத்து முள்ளை எடுத்து, சோறு கால்பங்குக்கு மேல் போகாமல் பிசையுங்கள். பிராய்லர் கடையில் கோழி இதயம் தனியாகக் கேட்டால் தருவார்கள், டாரின் அதில் நிறைய. ஈரல் வாரத்துக்கு ஒரு தடவை போதும். குழம்பு ஊற்றிப் பிசைவதை மட்டும் விடுங்கள். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். பசும்பால் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குச் செரிக்காது, பேதிதான்.

இடப் பிரச்சினை பெரும்பாலும் மலம் கழிக்கும் இடத்தில்தான் வெடிக்கும். பூனை எத்தனையோ அதற்கு ஒன்று கூடுதலாகத் தட்டு வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. வெளியே போய்வரும் பூனைகளுக்கு அவ்வளவு தேவைப்படாது, ஆனாலும் ஏழுக்கு ஒரு பேசின் என்றால் இரண்டாவது பேசின் உங்கள் துளசி மாடம்தான். மர அறுவை மில்லில் கிடைக்கும் மரத்தூள் மலிவு, மணலைவிட நன்றாக வாசத்தை உறிஞ்சும். தினமும் அள்ளிவிட வேண்டும். டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி மலத்தோடு வந்தால் பரவும் நிலைக்கு வர ஒன்றிலிருந்து ஐந்து நாள் எடுக்கும், அன்றாடம் அள்ளினால் அந்த ஆபத்து பெருமளவு ஒழியும். வீட்டில் யாராவது மாசமாக இருந்தால் அந்த வேலை வேறொருவருக்கு.

எங்கே நிற்கும் என்று கேட்டீர்கள். பூனைகளே கொஞ்சம் சொல்லும். பெரியது ஒன்று பீரோ மேலேயே நாள் முழுக்க இருந்தால், பழகிய இடத்தை விட்டு மெத்தையில் சிறுநீர் போனால், தட்டுக்கு வராமல் ஒதுங்கினால், வீடு அதற்குக் கொள்ளவில்லை என்று அர்த்தம். இரண்டு நாள் சாப்பிடாத பூனையை, அதுவும் குண்டுப் பூனையை, "கோவிச்சுக்கிட்டு இருக்கு" என்று விடாதீர்கள். ஈரலில் கொழுப்பு ஏறிவிடும். கடுவன் முக்கி முக்கி உட்கார்ந்தும் சிறுநீர் வராவிட்டால் அது மலச்சிக்கல் இல்லை, அன்றைக்கே டாக்டரிடம் ஓட வேண்டிய அடைப்பு. ஏழையும் ஒரே இடத்தில் வரிசையாக வைத்துச் சோறு போடுவதைவிட, இரண்டு மூன்று இடத்தில் பிரித்து, ஒன்றைச் சற்று உயரத்தில் வைத்தால் பாதிச் சண்டை குறையும். என்னைக் கேட்டால் உங்கள் வீட்டளவுக்கு ஏழே அதிகம். குட்டிகள் இரண்டுக்கும் மூன்று மாதம்தான் ஆகியிருக்கும் என்றால் இப்போதே நல்ல இடம் தேடுங்கள், இரண்டையும் சேர்த்து எடுப்பவர் கிடைத்தால் விசேஷம். பொட்டை என்றால் ஆபரேஷன் செய்துதான் கொடுப்பது, அல்லது செலவை நீங்கள் ஏற்றுக்கொண்டு தேதி குறித்துக் கொடுப்பது. இல்லாவிட்டால் சோழவந்தானில் உங்களுக்கு நடந்ததை நீங்கள் இன்னொருவருக்குச் செய்வதாகிவிடும்.

பணம் ஒரே நேரத்தில் புரளாது, அதனால் வரிசை இப்படி இருக்கட்டும். மகள்கள் இரண்டும் முதலில், அவை இனி ஈன்றுகொண்டே இருக்கும் வயது. அடுத்து தாய். இப்போது பால் கொடுத்துக்கொண்டிருந்தால் குட்டிகளுக்கு ஐந்தாறு வாரம் ஆகட்டும், ஆனால் அதுவரை செவலையிடம் விடாதீர்கள், பால் இருக்கும்போதே சினை பிடிக்கும் என்று மேலே சொன்னேன். பெர்சியன் பொட்டையா கடுவனா என்று நீங்கள் எழுதவில்லை. பொட்டை என்றால் தாயோடு சேர்த்து ஒரே நாளில், கடுவன் என்றால் செவலையோடு. கடுவன்களைக் கடைசியில் போடுவதற்குக் காரணம், உங்களுடையதை முடக்கினாலும் அடுத்த தெருவிலிருந்து ஒன்று வரும், பொட்டைகளை முடித்துவிட்டால் அது வந்தும் பயனில்லை. இந்த மாதம் ஒரு மகளுக்காவது தேதி வாங்கிவிடுங்கள். இரண்டில் எதற்கு என்பதை வயிற்றைப் பார்த்து முடிவு செய்யுங்கள், வயிறு தொங்காததை எடுங்கள். சினையாக இருக்கும் சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் அதைச் சொல்லிவிட்டு முடிவு எடுங்கள்.